ஓராண்டுப் படிப்பின் கூலி: பாறசாலை எல்லையும் ஒரு புள்ளியியல் கேள்வியும்

1956 நவம்பர் 1 அன்று தென் திருவிதாங்கூரின் குறுக்கே ஒரு மாநில எல்லை விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டம் என்னும் பெயரில் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் அன்று பிறந்த கேரளத்தில் நின்றது. களியக்காவிளை ஒரு மாநிலத்துக்கும், நடந்தே சென்றடையக்கூடிய பாறசாலை மற்றொரு மாநிலத்துக்கும் உரியவை ஆயின. முந்தைய நாள் வரை இவ்விரண்டு ஊர்களும் ஒரே அரசின் கீழ், ஒரே கல்வித் துறையின் கீழ் இருந்தவை. மண், மழை, மரச்சீனி, தென்னை, திருமண உறவுகள், இருமொழிப் பேச்சு ஆகிய எவையும் அந்த ஒரு நாளில் மாறவில்லை. மாறியது ஆட்சி மட்டுமே.

பொருளாதார அளவியல் பயிலும் எவருக்கும் இத்தகைய கோடு ஓர் ஆசையைத் தூண்டும். கல்வி ஒரு தொழிலாளியின் வருவாயை எவ்வளவு உயர்த்துகிறது என்னும் பழைய கேள்விக்கு இங்கே விடை கிடைக்காதா? ஒரே வகை மக்கள், இரு வேறு பள்ளி முறைகள். எல்லையின் இருபுறமும் வருவாயை ஒப்பிட்டால் கல்வியின் விளைவு தனித்துத் தெரியாதா? நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, அதனை அடுத்த கிழக்குப் பென்சில்வேனியாவின் உணவகங்களோடு அதன் உணவகங்களை ஒப்பிட்டு டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994 இல் எழுதிய கட்டுரை, எல்லையை ஓர் ஆய்வுக்கூடமாகக் காணும் வழக்கத்துக்குப் பெரும் செல்வாக்கை அளித்தது. பாறசாலைக்கும் அம்முறை பொருந்தும் எனத் தோன்றுவது இயல்பு. ஆனால் இவ்வட்டாரத்தின் வரலாற்றை அறியாமல் அம்முறையைக் கையாண்டால் கிடைக்கும் எண் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

முதலில் அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண வேண்டும். மனித மூலதனம் என்னும் கருத்தைத் தியோடர் சூல்ட்சும் கேரி பெக்கரும் 1960களில் நிலைநிறுத்தினர். ஜேக்கப் மின்சர் 1958 இல் தொடங்கி 1974 இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஒரு சமன்பாட்டு வடிவம் தந்தார். ஒருவரது வருவாயின் மடக்கை, அவர் படித்த ஆண்டுகளையும், பணி அனுபவ ஆண்டுகளையும், அனுபவத்தின் இருமடியையும் சார்ந்தது என்பதே அச்சமன்பாடு. வருவாயை அப்படியே கொள்ளாமல் மடக்கையாகக் கொள்வதால், படிப்பாண்டின் கெழு ஏறத்தாழ ஒரு விழுக்காடாகவே வாசிக்கப்படுகிறது. கெழு 0.08 எனில், ஓராண்டு கூடுதலாகப் படித்தவர் ஏறத்தாழ 8 விழுக்காடு அதிகம் ஈட்டுகிறார் என்பது பொருள். இந்தியாவில் இவ்வகை ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. ஏ. எம். நல்லகவுண்டன் இந்தியாவில் கல்வி முதலீடு பற்றி 1967 இலேயே எழுதினார். பி. துரைசாமி 1983 முதல் 1994 வரையிலான தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு, கல்வியின் பயன் ஆண் பெண் என்றும் நகரம் ஊரகம் என்றும் வேறுபடுவதை 2002 இல் காட்டினார்.

இச்சமன்பாட்டின் மீதான தலையாய ஐயம் எளியது. அதிகம் படித்தவரும் குறைவாகப் படித்தவரும் படிப்பில் மட்டுமா வேறுபடுகிறார்கள்? குடும்பத்தின் செல்வம், பெற்றோரின் கல்வி, இயல்பான திறன், சாதி, உறவினரின் செல்வாக்கு ஆகியவையும் படிப்போடு சேர்ந்தே வருகின்றன. இவை வருவாயையும் உயர்த்துபவை ஆதலால், அவற்றின் பங்கும் படிப்பின் கெழுவில் ஏறிக்கொள்கிறது. பாடநூல்கள் இதனைத் 'திறன்சார் பிறழ்ச்சி' என ஒரு பத்தியில் சொல்லி நகரும். நெய்யாற்றின்கரை வட்டத்திலோ இப்பிறழ்ச்சிக்கு ஊர்ப் பெயர்களும் ஆண்டுகளும் உண்டு.

திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் 1817 இல் வெளியிட்ட ஆணை, மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று கூறியது. ஆனால் ஆணை ஒன்று, பள்ளிக்கூடத்தின் வாசல் மற்றொன்று. அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855 இல்தான். அதற்கு முன்பும் பின்பும் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கு எழுத்தறிவின் முதல் வழியாக இருந்தவை பெரும்பாலும் இலண்டன் மிஷனரி சங்கத்தின் பள்ளிகள். மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் வேர்விட்ட அச்சங்கம் நெய்யூரிலும் பாறசாலையிலும் நிலையங்களை அமைத்தது. பாறசாலையில் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் திருவிதாங்கூர் ஆண்டுகளைக் குறித்து ஒரு நூலே எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே வட்டத்தின் வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி, புலையர் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகளைத் திறந்துவிடக் கோரினார். 1907 இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பள்ளியில் இடம் மறுக்கப்பட்டபோது உழவுத் தொழிலாளர் வயலில் இறங்க மறுத்தனர். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையெனில் உங்கள் வயல்களில் புல் முளைக்கும் என்பதே அப்போராட்டத்தின் சாரம். 1910 அளவில் பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி அழைத்துச் சென்றதும் கலவரம் மூண்டது; பள்ளி தீக்கிரையானது. அந்த ஊரும் அக்காலத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

இந்த வரலாறு சமன்பாட்டுக்குள் எங்கே நுழைகிறது? அவ்வட்டாரத்தில் ஒரு தலைமுறையின் படிப்பாண்டு சுழியாக இருந்தது என்றால், அச்சுழி சோம்பலையோ திறனின்மையையோ குறிக்கவில்லை. மூடப்பட்ட கதவைக் குறிக்கிறது. அதே கதவு நில உரிமையையும் அரசு வேலையையும் சேர்த்தே மூடியிருந்தது. ஆகவே படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான வருவாய் வேறுபாடு முழுவதையும் படிப்பின் கணக்கில் எழுதுவது, சாதியின் விளைவைப் பள்ளியின் விளைவு என அழைப்பதாகும்.

இச்சிக்கலைத் தீர்க்கப் புள்ளியியலாளர் கண்ட வழிகள் பல. ஆர்லி ஆஷன்ஃபெல்டரும் குரூகரும் ஒருகரு இரட்டையர்களை ஒப்பிட்டனர். குடும்பமும் மரபணுவும் ஒன்றாயிருக்க, படிப்பில் மட்டும் வேறுபட்டவர்கள் அவர்கள். ஜோஷுவா ஆங்கிரிஸ்டும் குரூகரும் 1991 இல் பிறந்த காலாண்டைக் கருவி மாறியாகக் கொண்டனர். அமெரிக்காவின் கட்டாயக் கல்விச் சட்டங்களின்படி, ஆண்டின் எந்தப் பகுதியில் பிறந்தார் என்பது ஒருவர் எவ்வளவு காலம் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்பதைச் சற்றே மாற்றியது; அவரது திறனோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அவர்களது வாதம். எஸ்தர் டூஃப்லோ 2001 இல், இந்தோனேசிய அரசு 1973-74 முதல் 1978-79 வரை கட்டிய 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை ஆய்ந்தார். பள்ளிகள் அதிகம் கட்டப்பட்ட வட்டாரங்களையும் குறைவாகக் கட்டப்பட்ட வட்டாரங்களையும், பள்ளி வயதைக் கடந்துவிட்டவர்களையும் கடக்காத சிறுவர்களையும் ஒப்பிட்டு, ஓராண்டுப் படிப்பின் பயனை 6.8 முதல் 10.6 விழுக்காடு வரை மதிப்பிட்டார்.

அவ்வாறெனில், பாறசாலை மிஷன் பள்ளிகளுக்கு அருகில் வாழ்ந்ததையே கருவி மாறியாகக் கொள்ளலாமா? கருவி மாறிக்கு ஒரு கடும் நிபந்தனை உண்டு. அது படிப்பின் வழியாக மட்டுமே வருவாயைத் தொட வேண்டும்; வேறு எந்த வழியாகவும் தொடக் கூடாது. மிஷன் நிலையங்கள் இந்நிபந்தனையை நிறைவேற்றவில்லை. அவை எழுத்தை மட்டும் கொண்டுவரவில்லை. மதம் மாறியோர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குப் பெற்றுத் தந்தன, வழக்குகளில் துணை நின்றன, மருத்துவம் தந்தன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் நடத்திய பெண்கள் பள்ளியில் எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் கற்பிக்கப்பட்டது. அவ்வருவாயைக் கொண்டு அடிமைத் தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தனர். அவ்வருவாய் எழுத்தின் பயனா, ரேந்தையின் பயனா, பாதுகாப்பின் பயனா என்பதை மிஷனிலிருந்து வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்னும் ஒரே மாறியால் பிரித்தறிய இயலாது.

இனி எல்லைக்கு வரலாம். எல்லை ஓர் இயற்கைச் சோதனையாக விளங்க வேண்டுமாயின், எவர் எப்பக்கம் விழுந்தார் என்பது தற்செயலாக அமைந்திருக்க வேண்டும். இங்கு அது தற்செயல் அன்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு தமிழர் மிகுந்த பகுதிகளைச் சென்னையோடு இணைக்கக் கோரிப் போராடியது. நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கையில் இடம்பெற்றது. 1954 ஆகஸ்டு 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்த பசல் அலி ஆணையம் வட்டங்களின் மொழிப் பெரும்பான்மையைக் கருத்திற்கொண்டு பரிந்துரைத்தது. ஆக, கோடு மொழியைப் பின்பற்றியது. மொழியோ பள்ளியோடும் வேலையோடும் நெருங்கிய தொடர்புடையது. பாறசாலையில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துக்கும் விளவங்கோட்டில் தங்கிவிட்ட மலையாளக் குடும்பத்துக்கும், எம்மொழியில் படித்தால் எந்த அரசு வேலை கிடைக்கும் என்னும் கணக்கே அன்று மாறியது. அவர்களது படிப்பாண்டுகளின் எண்ணிக்கை ஒன்றாயிருந்தாலும், அப்படிப்பின் சந்தை ஒன்றாயிருக்கவில்லை.

மற்றொரு தடையும் உண்டு. எல்லை கல்வியளவில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கியிருந்தால்தான் அதனைக் கொண்டு கல்வியின் விளைவை அளக்க முடியும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 93 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தினது ஏறத்தாழ 92. தமிழ்நாட்டின் சராசரியோ ஏறத்தாழ 80 மட்டுமே. ஐம்பத்தைந்து ஆண்டுகள் வேறு மாநிலத்தில் இருந்த பின்னரும் கன்னியாகுமரி தன் புதிய மாநிலத்தின் சராசரியைவிடத் தன் பழைய அண்டை மாவட்டத்தையே ஒத்திருந்தது. எழுத்தறிவைப் பொறுத்தவரை 1956 இன் கோடு மங்கலானது; அதற்கு முந்தைய நூறாண்டின் பள்ளிகளும் போராட்டங்களும் விட்டுச்சென்ற தடமே ஆழமானது.

எல்லை ஆழமாக வெட்டியது உழைப்பின் விலையை. கேரளத்தில் 1957 இன் முதல் அமைச்சரவை பதவியேற்றதும் குடியானவர் வெளியேற்றத்தைத் தடுத்தது. 1970 இல் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1974 இல் வேளாண் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்சங்கங்கள் வயல், சுமைத்தொழில், கட்டுமானம் வரை பரவின. 1970களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணம் வீடு கட்டும் வேலையைப் பெருக்கியது. உழைக்கும் கைகள் ஊரில் குறைந்தன. எல்லைக்கு இப்பால், காமராசர் ஆட்சியில் 1956 முதல் மதிய உணவும் பள்ளிப் பெருக்கமும் வந்தன. ஆனால் கூலியின் போக்கு வேறாயிருந்தது. ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2021-22 இல் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் ஏறத்தாழ 838 ரூபாய். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 479 ரூபாய். இந்திய அளவில் ஏறத்தாழ 373 ரூபாய்.

இந்த எண்களை மின்சர் சமன்பாட்டில் இட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். இருபுறமும் ஒரே ஊதியம் தரும் ஓர் எழுத்தர் பணி, மாதம் 25,000 ரூபாய் என்று கொள்வோம். அப்பணிக்குக் கட்டுமானத் தொழிலாளியைவிடப் பத்தாண்டு கூடுதல் படிப்பு தேவை. தொழிலாளிக்கு மாதம் 22 நாள் வேலை. கேரளத் தொழிலாளி 18,436 ரூபாயும், தமிழ்நாட்டுத் தொழிலாளி 10,538 ரூபாயும் பெறுவர். எழுத்தரின் ஊதியம் முன்னவருடையதைப் போல் 1.36 மடங்கு, பின்னவருடையதைப் போல் 2.37 மடங்கு. மடக்கை எடுத்துப் பத்தால் வகுத்தால், ஓராண்டுப் படிப்பின் பயன் கேரளத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8.6 விழுக்காடு.

பள்ளி ஒன்றே, பாடம் ஒன்றே, எழுத்தரின் ஊதியமும் ஒன்றே. ஆயினும் கெழுக்கள் ஏறத்தாழ மும்மடங்கு வேறுபடுகின்றன. வேறுபாட்டுக்குக் காரணம் படித்தவர் அல்லர், படிக்காதவர். மின்சரின் கெழு கல்வியின் தரத்தை அளக்கும் கருவி அன்று. அது படித்தவரின் வருவாய்க்கும் படிக்காதவரின் வருவாய்க்கும் உள்ள விகிதம். விகிதத்தில் மேலுள்ளது தாழ்ந்தாலும் கெழு குறையும். கீழுள்ளது உயர்ந்தாலும் கெழு குறையும். முதலாவது கல்வியின் சரிவு. இரண்டாவது உழைப்பின் உயர்வு. எண் இரண்டையும் ஒரே முகத்தோடு காட்டும்.

இங்குதான் ஆபத்து இருக்கிறது. கெழு 3 எனக் காணும் ஒரு கொள்கை வகுப்பாளர், அப்பகுதியில் கல்வி பயனற்றுப் போயிற்று, அதற்கான செலவைக் குறைக்கலாம் என முடிவுக்கு வரக்கூடும். 8.6 எனக் காண்பவர் மறுபுறத்தின் கல்வி சிறந்தது எனப் பாராட்டக்கூடும். இரண்டுமே தவறு. உயர்ந்த கெழு சில நேரங்களில் கூலித் தொழிலாளியின் வறுமையை மட்டுமே பறைசாற்றுகிறது. வயலில் இறங்க மறுத்தவர்கள் கேட்டது பள்ளியை. அந்தக் கூட்டு மறுப்பின் வழிவந்த அமைப்புகள் பின்னாளில் பள்ளிக்குச் செல்லாதவரின் கூலியையும் உயர்த்தின. கல்வி வேட்கை கெழுவைத் தாழ்த்தும் அளவுக்கு வெற்றி பெற்றது என்பதே நெய்யாற்றின்கரையின் வரலாற்றுக்குப் பொருத்தமான வாசிப்பு.

கணக்கில் வராதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாநிலச் சராசரிக் கூலி இடைவெளி எல்லைச் சிற்றூர்களில் அப்படியே நிலவும் எனக் கொள்ள முடியாது. பேருந்தில் ஏறிச் சில நிமிடங்களில் மறுபுறம் வேலைக்குச் செல்ல முடிகிற இடத்தில், இருபுறக் கூலிகளும் ஒன்றையொன்று இழுக்கும். வாழும் மாநிலமும் உழைக்கும் மாநிலமும் வேறான தொழிலாளியை எப்பக்கம் எண்ணுவது? வளைகுடாவில் பணியாற்றுபவர் வீட்டு மாதிரி ஆய்வில் வருவாய் ஈட்டுபவராக இடம்பெறுவதில்லை. படிப்பினால் உயர்ந்த வருவாய் பெற்றவர்களில் ஒரு பகுதியினர் இவ்வாறு தரவிலிருந்தே மறைகின்றனர். பாலராமபுரத்தின் கைத்தறி நெசவாளரிடம் இருப்பது கூலிச் சீட்டு அன்று, தறி. கூலியை மட்டும் சேகரித்த பழைய ஆய்வுகளில் அவருக்கு இடமில்லை. பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்து, ஏற்ற வேலைக்காகக் காத்திருக்கும் பெண்ணின் வருவாய் சுழி. மின்சர் சமன்பாட்டில் சுழிக்கு மடக்கை இல்லை. முந்திரி ஆலையில் பணியாற்றும் அவளது தாய் மட்டுமே கணக்கில் வருகிறாள். வேலையில் இருப்போரை மட்டும் கொண்டு மதிப்பிடுவதன் பிறழ்ச்சியை ஜேம்ஸ் ஹெக்மன் 1979 இல் விளக்கித் திருத்த முறையும் தந்தார். அத்திருத்தமின்றி இவ்வட்டாரப் பெண்களின் கல்விப் பயனைப் பேசுவது பொருளற்றது.

அவ்வாறாயின் எல்லையை ஆய்வுக்குப் பயன்படுத்தவே கூடாதா? பயன்படுத்தலாம், கேள்வியை மாற்ற வேண்டும். கல்வியின் விளைவு எவ்வளவு என்பதற்கு மாறாக, ஒரே அளவு கல்வியை இரு உழைப்புச் சந்தைகள் எவ்வாறு விலையிடுகின்றன என்று கேட்டால், இக்கோடு நல்ல விடை தரும். டூஃப்லோவின் முறையைப் பின்பற்றித் தலைமுறைகளைப் பிரிக்கலாம். 1940க்கு முன் பிறந்தோர் தம் பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியை ஒரே ஆட்சியின் கீழ் கழித்தவர்கள். 1950க்குப் பின் பிறந்தோர் முழுமையாக இரு வேறு ஆட்சிகளின் கீழ் படித்தவர்கள். முதல் தலைமுறையினரின் வருவாய் எல்லையின் இருபுறமும் வேறுபட்டால், அவ்வேறுபாட்டைப் பிற்காலப் பள்ளி முறையின் மீது சுமத்த முடியாது. இன்றைய தரவில் அவர்கள் உழைக்கும் வயதைக் கடந்துவிட்டனர். 1983, 1993-94 ஆகிய ஆண்டுகளின் மாதிரி ஆய்வுகளில்தான் அவர்களைத் தேட வேண்டும். அவ்வாய்வுகள் சிற்றூர் அளவில் பேசுவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டம் என்பது தலைநகரையும் உள்ளடக்கியது. ஆதலால் எல்லையோர ஊர்களில் நேரடிக் களக் கணக்கெடுப்பு இன்றியமையாதது.

அக்கணக்கெடுப்பில் படிப்பாண்டுகளோடு பயிற்றுமொழியும், சாதியும், வேலை செய்யும் இடமும், வெளிநாட்டில் உள்ள உறுப்பினரின் வருவாயும் கேட்கப்பட வேண்டும். முடிவுகளை விழுக்காட்டுக் கெழுவாக மட்டும் தராமல், படித்தவரின் வருவாய் எவ்வளவு, படிக்காதவரின் வருவாய் எவ்வளவு என்று ரூபாயில் தனித்தனியே அட்டவணையிட வேண்டும். அப்போதுதான் குறைந்த கெழு எப்பக்கத்தின் கதை என்பது விளங்கும்.

கார்டு 1990களில் தொகுத்துக் காட்டிய ஒரு போக்கும் இங்கு நினைவுகூரத்தக்கது. கருவி மாறி கொண்ட மதிப்பீடுகள் பல நேரங்களில் எளிய மதிப்பீடுகளைவிட உயர்ந்தே வருகின்றன. தடையும் செலவும் காரணமாகப் பள்ளிக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே வந்தபோது சராசரியைவிட அதிகப் பயன் பெற்றனர் என்பது அதற்கான விளக்கங்களுள் ஒன்று. ஊரூட்டம்பலம் பள்ளிக்குத் தீ வைத்தவர்களிடம் சமன்பாடு எதுவும் இருக்கவில்லை. ஆயினும் ஒரு சிறுமி அந்த வகுப்பறையில் அமர்வதால் எவை எவை மாறிவிடும் என்பதை அவர்கள் ஆய்வாளருக்கு முன்பே மதிப்பிட்டிருந்தனர். கல்வியின் பயனை இவ்வட்டாரத்தில் அளக்க முனைபவர் அந்த மதிப்பீட்டையும் ஒரு தரவாகக் கொள்ள வேண்டும்.